கதவில் ஓர் இலக்கம்

மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தின் முன்னால் எஞ்சின் பூட்டிய ஏழு சைக்கிள்கள் சாய்வெயிலில் மின்னுகின்றன. பெட்ரோல் நெடி மூக்கில் ஏறுகிறது. ஞாயிறன்று சைக்கிள்காரர்கள் எல்லாரும் ஒன்றாகக் கண்டிக்கு ஓட்டிப்போவதாகத் திட்டம். பொலிஸ் பிடிக்காமலிருக்க, சைக்கிள்களைப் பதிய அரசாங்க அலுவலகமான கந்தோருக்குப் போன யோகன் கசங்கிய படிவத்தோடு திரும்பி நிற்கிறான். "வீட்டு இலக்கம் இல்லாம பதிய மாட்டாங்களாம் அக்கா." அவன் அக்கா ஜெயராணிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "தேயிலைக்கு முந்தி, வெள்ளக்காரன் கோப்பி போட்ட காலத்துல கட்டுன லயம்டா இது! அஞ்சு தலமொறையா இதுலதான கெடக்கோம். எஞ்சினுக்குக்கூட நம்பர் இருக்கு, நம்ம வீட்டுக்கு இல்லையா?" நம்பர் தகட்டில் எழுத வாங்கிவைத்த வெள்ளைப் பெயின்டில் பிரஷை முக்குகிறாள். புகை படிந்த தன் கதவில், வழிய வழிய, ஒன்று என்று எழுதுகிறாள். பிரஷ் சொட்டச் சொட்ட அடுத்த கதவுக்கு நடக்கிறாள். "இப்ப நெரப்புடா அந்தப் படிவத்த!"