கிளாரிஸுக்கு மட்டும் கிடையாது

கேட்ட விலைக்கு மேலேயே தருகிறேன் என்றபோதும், கிளாரிஸுக்குக் கூடை விற்க மாட்டேன் என்றாள் சந்தைக் கூடைக்காரி லாமிசி.

வழிகாட்டியாக வந்திருந்த அக்கோல்கோவுக்குத் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றியது. இன்னொரு தடவை உள்ளூர் ஃப்ராஃப்ரா மொழியில் கேட்டுப் பார்த்தான். அதே பதில்தான் வந்தது.

வந்திருந்தவர்கள் தெற்கே, தலைநகர் அக்ராவில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தமாலேயில் விமானம் இறங்கி, வேனில் வடகோடி ஊரான போல்காடங்காவுக்கு வந்து, சனிக்கிழமை முழுக்கப் பானை வனைகிற இடம், தோல் பதனிடுகிற இடம் என்று சுற்றியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஆளுக்கு நாலு புல் கூடை வாங்கிக்கொண்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

கூட்டத்துக்குத் தலைவி டெடே. பேரத்தில் புலி. லாமிசியோடு மல்லுக்கட்டி, சாயம் கொஞ்சம் மங்கல், பிடி கொஞ்சம் கோணல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி விலையைக் குறைத்துவிட்டாள். லாமிசியும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். எல்லோரும் பணத்தைக் கொடுத்துக் கூடைகளைக் கையில் மாட்டிக்கொண்டார்கள்.

கடைசியாக வந்தவள்தான் கிளாரிஸ். அதிகம் பேசாதவள். பேரம் பேசவில்லை. சிவப்பும் ஊதாவும் கலந்த பெரிய கூடை ஒன்றைக் காட்டினாள். மடித்த நோட்டுகளை அக்கோல்கோவிடம் நீட்டி, மீதியை அந்த அம்மாவே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லச் சொன்னாள்.

லாமிசி அந்தக் கூடையை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

அது வேறு யாருக்கோ பேசி வைத்தது போலிருக்கிறது என்று அக்கோல்கோ பூசி மெழுகினான். கிளாரிஸ் வேறொன்றைக் காட்டினாள். அதையும் தர லாமிசி மறுத்துவிட்டாள். சின்னதாக ஒன்றைக் காட்டினாள். அதுவும் கிடையாது.

டெடேவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அப்படியானால் நானே வாங்கி அவளுக்குக் கொடுக்கிறேன், அப்போது என்ன செய்வாள் என்று கேட்கச் சொன்னாள்.

லாமிசி டெடேவைப் பார்த்தே பதில் சொன்னாள். கிளாரிஸ் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

"உங்களுக்கு எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கோங்கம்மா. அவங்களுக்குன்னா ஒண்ணுகூடத் தர மாட்டேன்."

இதை எப்படிப் பூசி மெழுகுவது என்று அக்கோல்கோவுக்குத் தெரியவில்லை. அப்படியே சொல்லிவிட்டான்.

டெடேவுக்குச் சுருக்கென்றது. எங்கள் ஆள் ஒருத்திக்கு இல்லாத கூடை எங்களுக்கும் வேண்டாம் என்று தன் கூடைகளைக் கீழே வைத்தாள். அதைப் பார்த்து அடுத்தவள் வைத்தாள். அப்புறம் எல்லோருமே வைத்துவிட்டார்கள்.

மழை சரியாகப் பெய்யாத வருஷம் அது. சந்தைக்கு வெளியூர்க்காரர்கள் வருவதே அபூர்வமாக இருந்தது. பக்கத்துக் கொட்டகைப் பெண்கள் எட்டிப் பார்த்து, கொஞ்சம் பொறுத்துப் போ என்று லாமிசிக்குச் சாடை காட்டினார்கள். அவள் மடியிலிருந்த பணத்தை எடுத்து, அவரவர் கொடுத்ததை அவரவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

கிளாரிஸ் குளிர்க்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

நாலு கொட்டகை தள்ளி வேறொருத்தியிடம் கூடைகள் வாங்கிக்கொண்டு எல்லோரும் வேனில் ஏறினார்கள். டெடேவுக்கு இன்னும் ஆறவில்லை.

"வடக்கத்தி ஆளுங்க நம்ம வாசல்ல வாட்ச்மேனா நிக்கிற வரைக்கும்தான் நல்லவங்க. அவங்க ஊருக்கு வந்து பார்த்தாதானே லட்சணம் தெரியுது" என்றாள்.

வேன் முழுக்கச் சிரிப்பு. கிளாரிஸும் சிரித்தாள்.

உன்னை வேறு யாரோ என்று நினைத்துவிட்டாளோ என்று ஒருத்தி அவளிடம் கேட்டாள்.

"இருக்கும். நான் இந்தப் பக்கம் வந்ததே இல்லையே. நாங்க தலைமுறை தலைமுறையா தெக்கத்தி ஆளுங்க, குமாசிக்காரங்க" என்றாள் கிளாரிஸ்.

டிரைவருக்குத் தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு அக்கோல்கோ திரும்பி ஓடினான். லாமிசி கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவனுக்குக் கோபம் பொங்கியது. இந்த மாதத்திலேயே இந்த ஒரு கூட்டம்தான் கிடைத்தது, இனி யார் என்னை நம்பி வருவார்கள் என்று கத்தினான். பேரம் பேசிக் கழுத்தை அறுத்தவளுக்குச் சிரித்துச் சிரித்து விற்றாய், பேரமே பேசாதவளை அவமானப்படுத்தினாய், அவள் உனக்கு என்ன கெடுதல் செய்தாள் என்று கேட்டான்.

லாமிசி வேன் நிற்கிற திசையைப் பார்த்தாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று விசாரித்தாள். சாத்தியாகிவிட்டது என்றான். அதற்கப்புறமும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"அவ என் கூடப்பிறந்த தங்கச்சிடா. அவகிட்ட எப்படிக் காசு வாங்குறது? சும்மா குடுத்திருந்தா, இவ ஏன் குடுக்கிறான்னு அவங்க எல்லாரும் கேட்டிருப்பாங்களே. பாவம், அவ என்னன்னு சொல்லுவா?"