மைனா ஓடவில்லை

மைனா இன்னும் சாகவில்லை.

அதனால்தான் அவனுக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள். பிழைக்காத குதிரையை, அதில் ஏறியவனே சுட வேண்டும் என்பது குதிரைப்படை வழக்கம். கடைசியாக அது பார்ப்பது பழகிய முகமாக இருக்கட்டும் என்று யாரோ புண்ணியவான் ஏற்படுத்தி வைத்தது.

மோட்டார் சைக்கிளை வயல் ஓரத்தில் போட்டுவிட்டு ஓடி வந்தான். விமானிகள் போடும் தோல் கோட்டு இன்னும் உடம்பில் இருந்தது.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் சிப்பாய்கள் விலகி வழிவிட்டார்கள். பேப்பரில் படம் வந்த ஆள். அவன் பெயரைக் கேட்டாலே ஜெர்மன்காரனுக்குக் குலை நடுங்கும் என்று பிரான்சு முழுக்கப் பேச்சு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே படையில்தான் அதிகாரியாக இருந்தான்.

குதிரைமேல் போய்ச் சண்டை போடலாம் என்று பெங்களூரிலிருந்து கப்பலேறி வந்தவன். சண்டையோ பதுங்கு குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. முள்கம்பியையும் சேற்றையும் குதிரை எப்படித் தாண்டும்? ஈட்டிகளைத் துடைத்து வைத்துவிட்டு எல்லோரும் ஈ ஓட்டினார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். பிறகு விமானப்படைக்கு எழுதிப் போட்டான்.

மைனாவை விட்டுப் போவது ஒன்றுதான் வலித்தது.

ராயப்பன் வைக்கோல்மேல் உட்கார்ந்திருந்தார். மைனாவின் தலை அவர் மடியில். பெங்களூர்த் தண்டில், வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த இடத்தில், அவன் அப்பாவிடமும் குதிரைக்காரராக இருந்தவர். வெள்ளைக்காரப் பிள்ளையான அவனுக்கு முதன்முதலில் தமிழ் வந்ததே அவர் வாயிலிருந்துதான்.

மைனாவின் வயிற்றின் மேல் ஒரு கம்பளி கிடந்தது. அவன் அதைத் தொடப் போனான். வேண்டாம் என்று ராயப்பன் தலையை ஆட்டினார்.

சுற்றிலும் அறுந்த கயிறுகள். பக்கத்தில் கட்டியிருந்த குதிரைகள் எல்லாம் அறுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டனவாம். இப்போது ஒவ்வொன்றாகப் பிடித்து வந்தார்கள். ஒன்றுக்கும் கீறல்கூட இல்லை.

"இவ மட்டும் ஏன் ஓடல?"

ராயப்பன் குனிந்து மைனாவின் காதைத் தடவினார்.

"சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கிச்சுங்க தொரை. நீங்கதான் வர்றீங்கன்னு நெனச்சிருச்சு."



அவன் பழக்கிய பழக்கம்தான்.

பறந்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் இந்த வயலுக்கு மேலே தாழ வருவான். இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டுவான். முதலில் மைனாவும் மிரண்டு துள்ளியது. "நம்ம தொரைதாம்மா, நம்ம தொரை" என்று சொல்லிச் சொல்லி ராயப்பன் அதன் வாயில் சர்க்கரைக் கட்டியை வைப்பார். பிறகு இன்ஜின் சத்தம் கேட்டாலே காது நிமிரும். காலை ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்க்கும்.

மற்றதெல்லாம் மிரண்டு இழுக்கும். ஒன்று மட்டும் அவனைப் பார்த்து நிற்கும்.

அதற்காகத்தான் வருவான். காலையில் யாரையோ வானத்தில் எரிய விட்டுவிட்டு வருகிறவனுக்கு அது வேண்டியிருந்தது.

இன்று வந்து சுட்ட ஜெர்மன்காரனுடைய விமானமும் அதே மாதிரிதான் சத்தம் போட்டிருக்கும்.

கோட்டைக் கழற்றிப் போட்டான். மண்டியிட்டான். சட்டைப்பையில் சர்க்கரை இருந்தது. எப்போதும் இருக்கும். மைனா அதை உதட்டில் வாங்கிக்கொண்டது. மெல்லவில்லை.

பிறகு செய்ய வேண்டியதைச் செய்தான்.

கை நடுங்கவில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

ராயப்பன் கம்பளியை முகம் வரைக்கும் இழுத்து மூடினார். கொஞ்ச நேரம் அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைத் தேற்றப் பார்த்தார்.

"வெசனப்படாதீங்க தொரை. இவளப் பாத்துப் பாத்து இன்னும் நாலு குதிரைங்க தேறியிருக்குதுங்க. நீங்க வந்தா இப்ப அதுங்களும் மிரள்றதில்ல. தலையைத் தூக்கிப் பாக்குதுங்க. நல்ல வேள, அந்நேரம் தண்ணிக்குப் போயிருந்துச்சுங்க."

குட்டைக்கரையிலிருந்து அவை நாலும் வந்துகொண்டிருந்தன. அவன் அவற்றையே பார்த்தான்.

"ராயப்பா, நாளைக்குக் காலையில எல்லாத்தையும் அவுத்து விடு. ஒருத்தரும் கிட்ட நிக்க வேணாம். நீயும்தான்."

"எதுக்குங்க தொரை?"

அவன் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் வெயில் வந்த பிறகு சத்தம் கேட்டது. காட்டோரம் நின்ற ராயப்பன் கண்ணுக்கு மேலே கை வைத்துப் பார்த்தார். தொரையின் விமானம்தான். வயலில் நாலு குதிரைகள் தலையைத் தூக்கின. மைனா போனாலும் மறக்காமல் வந்துவிட்டாரே என்று அவருக்கு மனசு குளிர்ந்தது.

விமானம் தாழ்ந்தது. இறக்கை ஆடவில்லை.

திடீரென்று மெஷின்கன் வெடித்தது.

குதிரைகளை விட்டுத் தள்ளி, உழுது போட்டிருந்த நிலத்தில், மண் வரிசையாகத் தெறித்தது. விமானம் திரும்பியது. இன்னும் தாழ வந்து மறுபடியும் சுட்டது.

"அய்யோ, நம்ம தொரைங்க! நம்ம தொரை!"

ராயப்பன் யாரைப் பார்த்துக் கத்தினாரோ. வால்கள் தூக்கிக்கொள்ள, குதிரைகள் காட்டைப் பார்த்துப் பாய்ந்தன. வயலில் ஒன்றுகூட நிற்கவில்லை.

மேலே அவனுடைய கண்ணாடிக்குள் தண்ணீர் கட்டியிருந்தது. துடைக்க வழியில்லை. தொலைவாகப் போய் வட்டமடித்தான். அவை மறுபடி வயலுக்கு வந்து மேயத் தொடங்கும் வரை காத்திருந்தான்.

பிறகு இன்னொரு முறை வந்தான்.

இந்த முறை சுட வேண்டியிருக்கவில்லை. சத்தம் கேட்டதுமே ஓடின.