வெந்நீர்ச் சூட்டோடு பூசிய மருந்து

நவம்பர் 14, வெள்ளி. இன்று ஒரு தவறு செய்துவிட்டேன். அண்ணன் மகள் ஜெனிட்டாவுக்குச் சிரங்கு. டாக்டர் எழுதித் தந்த மருந்தை, உடம்பு ஆறி நன்றாக உலர்ந்த பிறகே பூச வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். நான் வேப்பிலை போட்ட வெந்நீரில் குளிப்பாட்டி, அந்தச் சூட்டோடு பூசினேன். எங்கள் வீட்டில் எந்தப் புண்ணுக்கும் முதலில் வேப்பிலை வெந்நீர்தான். என் மாலை வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்பதும் உண்மை. சூட்டில் மருந்து நன்றாக இறங்கும் என்று நானாக நினைத்தேனோ, அதுவும் தெரியவில்லை.

ஜெனிட்டா குளியலறையில் நிற்கிறாள். பல்பு வெளிச்சத்தில் அவள் முதுகு முழுவதும் சிவந்து மினுங்குகிறது. போனில் நர்ஸ் சொன்னபடி அண்ணி பச்சைத் தண்ணீரை மெல்ல ஊற்றி மருந்தைக் கழுவுகிறார். வாளிக்குள் குவளை இடிக்கும் சத்தத்துக்கு நடுவே விசும்பல் கேட்கிறது. ஜெனிட்டா விரல்களை ஒன்றோடொன்று படாதபடி அகல விரித்து வைத்திருக்கிறாள்.

“எரியுதும்மா, ஊது.”

“ஊதுறேன் தங்கம். ஏண்டி பிலோ, செத்த நேரம் பொறுத்தா ஒன் கிளாஸு என்ன பஸ் ஏறியா போயிரும்?”

துண்டை விரித்து நீட்டுகிறேன். ஜெனிட்டா சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள்.

“அத்தை வேணாம். அத்தை கை எரியும்.”

அண்ணி துண்டை வாங்கிக்கொள்கிறார். என் கைகள் அப்படியே நீண்டிருக்கின்றன.

நாளை காலை ஜெனிட்டாவை டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். வெந்நீர் விஷயத்தை நானே சொல்ல வேண்டும். அதுவரை எதையும் பூசக் கூடாது.