வெறும் வயிற்றில்

இருநூற்று முப்பத்தொன்று.

நாத்தனார் மிஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் மிஷினைப் பார்த்தாள்.

“அண்ணி, நேத்து ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டது. இன்னும் பச்சத்தண்ணிகூட வாயில படல.”

“உங்க அண்ணனும் இதே பாட்டைத்தான் பாடினார்.”

அவளுக்குச் சுருக்கென்றிருக்கும். இருக்கட்டும். அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு, முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொள்வதில் இரண்டு பேரையும் அடித்துக்கொள்ள ஆளில்லை.

இவளுக்குச் சர்க்கரை இன்னும் வரவில்லை, வாசலில் வந்து நிற்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாரத்துக்கு இரண்டு நாள் காலையில் வெறும் வயிற்றில் வீட்டிலேயே பார்க்கச் சொன்னாராம். என் வீட்டில் மிஷின் ஐந்து மாதமாகச் சும்மா கிடக்கிறதே என்று, ஸ்ட்ரிப் மட்டும் புதிதாக வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

அவள் அண்ணனுக்கும் இதையேதான் சொன்னார்கள். வாசலில் நிற்கிறது, உள்ளே விடாதீர்கள்.

என் மாமனாருக்கு அது உள்ளே வந்து ஒரு காலை எடுத்துக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தவள். அதனால் மிஷினை அவர் கையில் கொடுக்கவில்லை. நானே குத்தினேன். மரவேலை செய்து காய்த்துப்போன விரல், குத்தினால் மட்டும் போதாது. அடியிலிருந்து நுனி வரை பிதுக்கினால்தான் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும்.

“கையைச் சோப்புப் போட்டுக் கழுவினீங்களா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். சின்னப் பிள்ளை மாதிரி ஈரக் கையை நீட்டிக் காட்டுவார்.

இருநூறுக்குக் கீழே வந்ததே கிடையாது.

வீட்டில் செய்வது கேக் வியாபாரம். விடிவதற்குள் அடுப்பைப் பற்றவைத்துவிடுவேன். மேஜை முழுக்கக் கேக்கை வைத்துக்கொண்டு, சாப்பிடவே இல்லை என்கிறவரை எப்படி நம்புவது? அலமாரிக்குப் பூட்டுப் போட்டேன். அந்த அலமாரியைச் செய்ததே அவர்தான். தச்சனுக்குப் பூட்டு ஒரு பொருட்டா?

ஆஸ்பத்திரியில் எடுத்தால் மட்டும் எல்லாம் சரியாக வரும். “டெஸ்டுக்கு முன்னாடி வாயைக் கட்டிட்டு, அப்புறம் வேலையைக் காட்டறீங்க” என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வருவேன்.

வேலை செய்யும் இடத்தில் ஏணி சரிந்து விழுந்தார் என்று ஆள் வந்து சொன்னபோதுகூட, சர்க்கரை ஏறித் தலை சுற்றியிருக்கும் என்றுதான் சொன்னேன். துக்கத்துக்கு வந்த எல்லோரிடமும் சொன்னேன். சொன்ன பேச்சைக் கேட்டால்தானே.

நாத்தனார் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். இந்தத் தடவை தானே குத்திக்கொண்டாள். நான் விட்ட இடத்திலிருந்து ஐசிங் சர்க்கரையைச் சலித்துக்கொண்டிருந்தேன்.

“தொண்ணூத்தேழு” என்றாள்.

“மிஷின் ரிப்பேரா இருக்கும். ஐஞ்சு மாசமா கிடக்குதில்ல?”

“சரி, இந்த விரல்ல நீங்களே குத்துங்க.”

சல்லடையைக் கீழே வைத்தேன். பழக்கப்படி இடுப்புத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் விரலைப் பிடித்தேன். குத்தினேன். அடியிலிருந்து நுனி வரை பிதுக்கினேன்.

இருநூற்றுப் பத்தொன்பது.

அவள் மிஷினைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, கையைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டினாள்.

“அண்ணி, உங்க கை.”

கட்டை விரல், நகக்கண், ரேகை எல்லாம் வெள்ளை மாவாக ஒட்டியிருந்தது சர்க்கரை. அவள் விரல் நுனியிலும் அதே வெள்ளை.

அட பாவி மகளே. அவரைக் கழுவச் சொன்னேனே, நான் கழுவினேனா?

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

“அப்ப அண்ணன் எதையும் சாப்பிடலையா?”

“அவரே தன் வாயால ஒத்துக்கிட்டாரேம்மா.”

அதை வைத்துத்தான் இத்தனை நாளும் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

அவர் போய்ச் சேர்வதற்கு ஒரு வாரம் முன்னால். மிஷின் இருநூற்று நாற்பதைக் காட்டிய அன்று எனக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. உங்க அப்பா மாதிரி உங்களுக்கும் காலை எடுத்துட்டா நான் என்ன பண்ணுவேன் என்று ஓவென்று அழுதேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஆமா, சாப்பிட்டேன். இனிமே தொட மாட்டேன், அழாத” என்றார்.

எவ்வளவு நாளாக அந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன்! கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதைச் சாப்பிட்டீங்க என்று கேட்டேன்.

அவர் மேஜையைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார்.

“அந்த சாக்லேட் கேக்தான்” என்றார்.

அந்த மாதம் முழுக்க நான் சாக்லேட் கேக் செய்யவே இல்லை. ஒத்துக்கொள்ளும்போதுகூடப் பொய்யா என்று, அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.