கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்

தையல்காரம்மா ஸ்கேன் மேஜையில் குப்புறப் படுத்திருந்தார். தலைக்கு முன்னால் நீட்டியிருந்த கைகள் சும்மா இருக்கவில்லை. விரிப்பின் ஓரத்து மடிப்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தன. அசையக் கூடாது என்று மைக்கில் சொன்னதும் அடங்கின.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டெக்னீஷியன் பொத்தானை அழுத்தினாள். மெஷின் தடதடக்க ஆரம்பித்தது.

மார்பில் கட்டி. மருந்து இரண்டு முறை ஏற்றியாகிவிட்டது, இன்னும் நான்கு முறை பாக்கி. அந்த மருந்து உடம்புக்குக் கேட்கிறதா, மீதியையும் ஏற்றிப் பிரயோஜனம் உண்டா என்பதை இன்றைய படமே முன்கூட்டிக் காட்டிக் கொடுத்துவிடும்.

படத்தைப் பார்த்துச் சொல்வது டாக்டரின் வேலை. டெக்னீஷியன் வாயைத் திறக்கக் கூடாது. வாயை மூடுவது சுலபம், முகத்தை மூடுவதுதான் பெரும்பாடு. மேஜையிலிருந்து இறங்குகிறவர்கள் முதலில் தேடுவது அவள் முகத்தைத்தான். அதனால் நல்லதோ கெட்டதோ, பதினோரு வருஷமாக எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே வாக்கியம். பார்த்து இறங்குங்க, ரிசல்ட் டாக்டர் சொல்லுவார்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. மருந்து ஏற்றுவதற்கு முன் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தையல்காரம்மா எழுந்து உட்கார்ந்து, காலால் படியைத் துழாவிக்கொண்டிருந்தார். டெக்னீஷியன் அவர் கையைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டாள். இறங்கிய பிறகும் கையை விடவில்லை. சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சொல்ல மறந்தாள்.

தையல்காரம்மா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

“புரியுதும்மா. உன் வேலைக்கு உலை வைக்க மாட்டேன், நீ ஒண்ணும் சொல்ல வேணாம்.”

அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு உடை மாற்றும் அறைக்குப் போனார்.

திரைச்சீலைக்குப் பின்னால் அவர் தங்கையிடம் போனில் பேசுவது கேட்டது. அழவில்லை. கடையில் யார் யாருடைய துணி பாதியில் நிற்கிறது என்று வரிசையாகச் சொன்னார். பெரிய தையல் மிஷினை அவளையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

“சின்னவளை மட்டும் உன் வீட்டுலயே வெச்சுக்கோடி.”

டெக்னீஷியன் திரைச்சீலைவரை போனாள். அதைத் தாண்டிப் பேச அவளுக்கு அனுமதியில்லை. தையல்காரம்மா வெளியே வந்து, தலையசைத்துவிட்டு, நிதானமாக நடந்து போனார்.

கம்ப்யூட்டரில் இரண்டு படங்களும் அப்படியே இருந்தன. முதல் படத்தில் கட்டி எலுமிச்சம்பழ அளவு. இன்றைய படத்தில் அதே இடத்தில் கடுகைத் தேடுவது போலத் தேட வேண்டியிருந்தது. இரண்டே தடவையில் இப்படி மருந்து கேட்டு அவள் பார்த்ததே இல்லை. சந்தோஷம் தாங்காமல்தான் கையைப் பிடித்தாள்.

டாக்டர் அறைக்குப் போன் அடித்தாள். அவர் வெளியூர் போயிருப்பதாகவும், வியாழக்கிழமைதான் வருவார் என்றும் சொன்னார்கள்.

அன்று திங்கட்கிழமை.