பட்டப்பகலில் ஹெட்லைட்

பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவே இல்லை. நிமிர்ந்தால் ஒன்று சிரித்துவிடுவேன், இல்லாவிட்டால் அழுதுவிடுவேன்.

வாசலில் கார் நிற்கிறது. எங்கள் கார்! வெந்த பச்சைப்பயறு மாதிரி ஒரு கலர். பீரோவை நிமிர்த்தி வைத்த மாதிரி உயரம். இடது பக்கக் கதவில் ஒரு நசுங்கல்.

"ஏன்டா லோகு, உலகத்துல வேற காரே கெடைக்கலையா உனக்கு?" என்றார் என் நாத்தனார் சாந்தாமணி. தம்பி கார் வாங்கிவிட்டான் என்று கேட்டதும் கோயமுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "நல்ல வண்டிக்கா."

"இதுக்குத்தான் ரெண்டு மாசமா ஆறு வண்டிய வேண்டாம்னியா?"

ஆறு இல்லை, ஆறரை. ஒன்றை அது கிட்டே வருவதற்குள்ளேயே வேண்டாம் என்றுவிட்டார்.

கார் எங்கள் கனிஷ்காவுக்காகத்தான். ஒண்ணாம் வகுப்பு. எங்கள் ஊர் கட்டபெட்டிலிருந்து கோத்தகிரிப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸில் தினமும் வாந்தி. எலுமிச்சம்பழம், முன் சீட்டு, வெறும் வயிறு, எல்லாம் பார்த்தாகிவிட்டது. வகுப்பில் அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டேன் என்கிறார்கள். போன வாரம் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "இனிமே போகவே மாட்டேன்" என்று அழுதாள். தெரிந்தவர்கள் காரில் ஒருநாள் ஜன்னலைத் திறந்துவைத்து மெதுவாகக் கூட்டிவந்தபோது மட்டும் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தாள்.

"ரெண்டரை லட்சம். கடன் வாங்கறதில்ல. அதுக்குள்ள எது வருதோ அது" என்றார் வீட்டுக்காரர். நானும் சரி என்றேன். கார்களின் பெயரெல்லாம் எனக்குத் தெரியாது, கலர்தான் தெரியும். பார்த்த வண்டிகளில் ஒரு சிவப்புக் கார் இருந்ததே, அப்படி ஒரு சிவப்பு!

வண்டி புரோக்கர் ரவிச்சந்திரன் பேப்பர்களோடு உள்ளே வந்தார்.

"நீங்களே நியாயத்தச் சொல்லுங்கக்கா. அந்தச் செவப்பு வண்டியில ஒரு கீறல் இல்லீங்க. வெலையும் இதவிடக் கம்மி. இவரு என்ன பண்ணுனாரு தெரியுமா? எஞ்சினத் தொறந்து பாக்கல. டயரத் தட்டிப் பாக்கல. 'வண்டிய மேட்டுல நிறுத்துங்க'ங்கறாரு. இந்தத் தங்கச்சிய டிரைவர் சீட்டுல ஏத்தி உக்கார வெச்சு, 'ஹெட்லைட்டப் போடு'ங்கறாரு. பட்டப்பகல்ல! அப்புறம் வண்டிக்கு முன்னால பத்தடி தள்ளிப் போயி ரோட்டுல குத்த வெச்சு உக்காந்துக்கிட்டு, ஒரு கண்ண மூடி மூடிப் பாக்கறாரு. எந்திரிச்சு, 'வேண்டாமுங்க'ன்னு நடையக் கட்டறாரு. ஆறு வண்டிக்கும் இதே கூத்து!"

நாத்தனார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"மிஸ்ட் அடிக்கற ஊருக்கா. லைட்டு முக்கியம்" என்று முணுமுணுத்தார் வீட்டுக்காரர்.

எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. அத்தனை ஆம்பளைகள் முன்னால் ஏறி உட்கார்ந்தது நானல்லவா? எந்த சுவிட்ச் என்று தெரியாமல் வைப்பரைப் போட்டு, இன்னொரு நாள் ஹாரனை அமுக்கி, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்து... காசை எடுக்க மனசில்லாமல் சாக்குத் தேடுகிறார் மனுஷன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இந்தப் பச்சையில மட்டும் லைட்டு அமோகமா எரிஞ்சுதாக்கும்?" என்றார் நாத்தனார்.

"அதையேனுங்க கேக்கறீங்க! ஒரு பக்கம் எரியவே இல்ல. அதுக்குத்தான் இவரு, 'இதுதானுங்க நம்ம வண்டி'ன்னு துள்ளிக் குதிச்சாரு!"

எல்லோரும் அவரையே பார்த்தோம். நான்கூட நிமிர்ந்துவிட்டேன். அவருக்குக் காதெல்லாம் சிவந்துபோனது.

"நான் லைட்டப் பாக்கலீங்க. இவ கண்ணப் பாத்தேன்."

"அட கருமமே! கல்யாணமாகி ஏழு வருசமாச்சு, நடுரோட்டுல உக்காந்து பொண்டாட்டி கண்ணப் பாத்தானாமா!"

"அது இல்லக்கா! இவ உசரத்துக்கு மேடு ஏறறப்போ வானந்தான் தெரியும். ரோடு தெரியாது. நான் ரோட்டுல உக்காந்து பாத்து, ஸ்டீயரிங்குக்கு மேல இவ கண்ணு எனக்குத் தெரிஞ்சா, இவளுக்கு ரோடு தெரியும்னு அர்த்தம். ஆறு வண்டியிலயும் வெறும் நெத்திதான் தெரிஞ்சுது. இதுல மூக்கு வரைக்கும் தெரிஞ்சுதுக்கா!"

"இவ எதுக்குடா ரோட்டப் பாக்கணும்?"

"எனக்கு காலையில ஃபேக்டரி ஷிஃப்ட்டு. பாப்பாவக் கூட்டிட்டுப் போகப்போறது இவதானே? முன்னாடியே சொல்லியிருந்தா கார்க் கதவத் தொட்டிருப்பாளா இவ? அதான் லைட்டச் சாக்கு வெச்சேன். திங்கக்கெழம இவ வண்டி பழக எல்.எல்.ஆர். போடறோம். இவ பழகற வரைக்கும் எனக்கு நைட் ஷிஃப்ட்டு கேட்டு வாங்கியிருக்கேன்."

நானா? காரா? பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வாய் வராமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவள் நான்!

பயமா, சிரிப்பா, தெரியவில்லை.

"ஏனுங்க, நான் உங்களக் கஞ்சம்னு நெனச்சு..."

"அம்மா! சும்மா உக்காந்து ஹாரன் அடிக்கலாமாமா! நீதான் டிரைவராமா! சீக்கிரம் வா!" என்று கத்தினாள், காருக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கனிஷ்கா.

"இருடி, வந்துட்டேன்" என்று எழுந்தவள், சொல்ல வந்த மிச்சத்தை அப்புறமாக அவரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாசலுக்கு ஓடினேன்.