நான்கு நாற்காலிப் பத்தி

வகுப்பை மூடலாமா என்று பார்க்க நாளை அதிகாரி வருகிறார். சுவரில் ஒட்டிக் காட்ட ஒரு பத்தியாவது வேண்டும். கரங்கான் தோட்டத்துப் பள்ளியில் செலஸ்டின் டீச்சர் நான்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்.

"குழு நடவடிக்கை. நாற்காலிக்கு ஒரு வாக்கியம், சேர்த்தா பத்தி. தலைப்பு, 'எங்கள் வகுப்பு'."

முதல் நாற்காலியிலிருந்து வந்தது: "எங்கள் வகுப்பு அழகானது."

"நாற்காலிய இழுக்காத லா, காது வலிக்குது!" என்றார் டீச்சர்.

இரண்டாவது: "நாங்கள் சேர்ந்து படிப்போம்."

மூன்றாவது: "நாங்கள் சேர்ந்து விளையாடுவோம்."

"டீச்சர், எல்லா நாற்காலியிலயும் நானே உக்காரணுமா?" என்று சிணுங்கினாள் கேரன், வகுப்பின் ஒரே மாணவி.

"கடைசி ஒண்ணுதாம்மா. உண்மையா எழுது, போதும்."

எழுதி நீட்டினாள்: "திங்கட்கிழமை மற்றவர்களைப் போல நானும் ஜித்ரா நகரப் பள்ளிக்கு மாறிப் போகிறேன்."

டீச்சர் சிவப்புப் பேனாவோடு மூன்று முறை படித்தார். திருத்த ஒரு பிழைகூட இல்லை.